மண்ணுக்குள் புதைத்த பி.எச்.சி. பூச்சிமருந்து மூட்டைகள்: கொங்குத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் தோட்டம் கோபிக்குத் தெற்கே, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. 2023 மாசி மாதம் பண்ணைக்குட்டை வெட்ட ஜேசிபி வரச்சொன்னோம். வடமேற்கு மூலையில், இட்டேரியை (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையை) ஒட்டி, நாலாவது வாளி மண் மேலே வந்தபோது அதோடு சேர்ந்து சாக்குக் கிழிசலும் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடியும் வந்தது. பழைய குதிருக்குள் தலையை விட்டது மாதிரி ஒரு பூஞ்சண வாடை. வண்டி ஓட்டிய தம்பி கீழே இறங்கி, "அக்கா, மண்டையைப் புடிக்குதுங்க" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அதற்குள் எங்கள் கோழிகள் நாலைந்து வந்து அந்த மண்ணைச் சீய்க்க ஆரம்பித்திருந்தன.

அப்பாதான் சொன்னார். 1997-ல் பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) என்ற பூச்சிமருந்துக்குத் தடை வந்தபோது மருந்துக்கடை ஒன்றில் விற்காமல் கிடந்த மூட்டைகளை எங்கள் அப்பாரு (தாத்தா) டிராக்டரில் ஏற்றிவந்து குழி வெட்டிப் புதைத்தாராம். "கெடக்கட்டும், மண்ணு தின்னுரும்" என்றாராம். அன்றைக்கு அதைத் தவறென்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. அதன்பின் கல்யாண வீட்டிலும் சந்தையிலும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் பலர் என்னைத் தனியாக அழைத்துப் போய்த் தணிந்த குரலில் கேட்ட கேள்விகள் இவை.

ஏனுங்க, எங்க தோட்டத்துலயும் இப்படி இருக்குமா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

மண்ணைத் தோண்டுவதற்கு முன் பெரியவர்களைக் கேளுங்கள். 1970, 80-களில் பருத்தி, நிலக்கடலை, புகையிலை வைத்த தோட்டமா? பக்கத்தில் மருந்துக்கடைக் குடோனோ சங்கக் குடோனோ இருந்ததா? கடலையில் கம்பளிப்புழுவுக்கு பி.எச்.சி. 10 சதவீதத் தூளைத் துணியில் கட்டித் தட்டியது எழுபது வயதுக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாட்டு உண்ணிக்கும், பிள்ளைகளின் தலைப்பேனுக்கும்கூட அதைத் தேய்த்திருக்கிறார்கள். குழியைப் பற்றி நேராகக் கேட்டால் தயங்குவார்கள். "தடை வந்தப்ப மீதி மருந்தை என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பிறகு இடங்களைப் பாருங்கள். பழைய சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) பின்புறம், பாழுங்கிணறு, மருந்து கலக்கிய தொட்டியடி, பொழியோரம் (வயல் எல்லையோரம்) சும்மா கிடக்கும் மேடு பள்ளம். வாடையை மட்டும் நம்பிவிடக் கூடாது. பி.எச்.சி.க்குப் பூஞ்சண வாடையும், பாலிடால், மெட்டாசிட் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளுக்கு அழுகின பூண்டு வாடையும் உண்டு. டி.டி.டி.க்கு வாடை இல்லையென்றே சொல்லலாம். வாடை பார்ப்பதற்காக மண்ணை மூக்கருகே கொண்டுபோக வேண்டாம்.

இத்தனை வருசம் ஆச்சுங்களே, மக்கி மண்ணாப் போயிருக்காதா?

மருந்துக்கு மருந்து வேறுபடும். மோனோகுரோட்டோபாஸ், மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் வகைகள் மண்ணில் நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ சிதைந்துவிடும். நம் பக்கத்துச் சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண் காரத்தன்மை உள்ளது என்பதால் அங்கே இன்னும் வேகமாகச் சிதையும். மூடிய டின்னுக்குள் கெட்டியாக இருப்பதற்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

குளோரின் வகைகளான பி.எச்.சி., டி.டி.டி., ஆல்ட்ரின், எண்ட்ரின், எண்டோசல்பான் ஆகியவை வேறு ரகம். வயலில் தூவிய டி.டி.டி. பாதியாகக் குறையவே 2 முதல் 15 ஆண்டுகள் ஆகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது பரவலாக, மெல்லியதாக விழுந்து வெயிலும் காற்றும் நுண்ணுயிரும் பட்ட தூளுக்கான கணக்கு. குழிக்குள் மூட்டையாகக் கிடப்பதற்கு அந்த வாய்ப்பு எதுவும் இல்லை. எங்கள் குழியில் சாக்கு இற்றுப்போயிருந்தது, உள்ளே இருந்த பொடி கட்டிதட்டி அப்படியே இருந்தது.

பி.எச்.சி. என்பது ஒரே பொருள் கிடையாது. அதில் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று பல வடிவங்கள் கலந்திருக்கும். பூச்சியைக் கொல்வது காமா மட்டும். லிண்டேன் என்பது அதுதான். அது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் வரும். ஆல்பாதான் அறுபது எழுபது பங்கு. இவற்றில் மண்ணிலும் கொழுப்பிலும் அதிக காலம் தங்குவது பீட்டா. பூச்சியை அவ்வளவாகக் கொல்லாத பங்குதான் இத்தனை ஆண்டு கழித்தும் நம்மிடம் மிஞ்சிக் கிடக்கிறது.

பழைய விதைநேர்த்தி மருந்தில் பாதரசம் இருந்தது. அக்ரோசான் பொடியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பாதரசம் ஒரு தனிமம். எத்தனை தலைமுறை போனாலும் அது சிதையாது.

தோண்டும்போது எதிர்ப்பட்டா மொதல்ல என்ன செய்யணும்?

வண்டியை நிறுத்துங்கள். எடுத்த மண்ணைத் திரும்பக் குழியில் தள்ள வேண்டாம், வேறு இடத்துக்கு அள்ளவும் வேண்டாம். ஆட்களைக் காற்று வரும் திசைக்கு நகர்த்துங்கள். குவியலின் மேல் தார்ப்பாய் போட்டு ஓரங்களில் கல் வையுங்கள். மேட்டுப்பக்கம் ஒரு கரை கட்டினால் மழைத்தண்ணீர் குழிக்குள் போகாது. ஆடு, மாடு, கோழி, பிள்ளைகள் வராதபடி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். எங்கள் வீட்டில் கயிறு கட்டியும் கோழி உள்ளே போனது. கடைசியில் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டினோம்.

வேலை செய்தவர்கள் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு ஊறவைக்கக் கூடாது. துணி முகக்கவசம் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் அருகே போகாதீர்கள்.

தலைசுற்றல், வாந்தி, வலிப்பு, வாயில் நுரை, கண்மணி சுருங்குதல், அளவுக்கு மீறிய வியர்வை இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சாக்கிலோ டின்னிலோ எழுத்து தெரிந்தால் போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். பாஸ்பரஸ் வகைக்குத் தரும் அட்ரோபின் ஊசி பி.எச்.சி.க்கு உதவாது. எந்த மருந்து என்று தெரிவது உயிரைக் காக்கும்.

டீசல் ஊத்தி எரிச்சுடலாமுங்களா? இல்லாட்டிப் பாழுங்கிணத்துல போட்டு மூடிரலாமா?

இரண்டும் வேண்டவே வேண்டாம். குளோரின் உள்ள மருந்தைத் திறந்தவெளியில் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்சின், பியூரான் என்ற, அதைவிட மோசமான நஞ்சுகள் உண்டாகும். ஆபத்தான கழிவுக்கென்று கட்டிய உலையில் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, புகையையும் கழுவி வடிகட்டித்தான் வெளியே விடுகிறார்கள். டீசலும் தென்னை மட்டையும் வைத்து அந்தச் சூட்டை எட்ட முடியாது.

கிணறு இன்னும் மோசம். நம் கொங்கு பூமிக்கு அடியில் கெட்டிப்பாறை. தண்ணீர் ஓடுவது பாறையின் விரிசல் வழியாக. கிணற்றில் போடுவது அந்த விரிசலின் வாயிலேயே நஞ்சை வைப்பதற்குச் சமம். எந்தப் பக்கம், எந்த போர்வெல்லில் போய் எழும் என்று யாராலும் கணிக்க முடியாது. காசர்கோடு மாவட்டத்தில் மிஞ்சிபதவு முந்திரித் தோட்டத்துப் பாழுங்கிணற்றில் எண்டோசல்பானைக் கொட்டி மூடியதாக எழுந்த புகார், பல ஆண்டுகள் கழித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.

மண் பரிசோதனை நிலையத்துல குடுத்தாத் தெரியுமா?

தெரியாது. அங்கே பார்ப்பது தழை, மணி, சாம்பல் சத்து, உப்பு, கார அமில நிலை. பூச்சிமருந்து எச்சம் பார்க்க கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி உள்ள ஆய்வகம் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து நச்சியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. "ஆர்கனோகுளோரின், ஆர்கனோபாஸ்பரஸ் இரண்டும் பாருங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். பழைய விதைமருந்து இருந்திருக்கலாம் என்றால் பாதரசத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குழியைத் தொடாமல், அதைச் சுற்றி நாலு திசையிலும் பள்ளப்பக்கம் கொஞ்சம் தள்ளியும் மண் எடுங்கள். மேல் அரை அடி ஒரு மாதிரி, அதற்குக் கீழே ஒரு மாதிரி. குழியிலிருந்து தள்ளி, சந்தேகமில்லாத இடத்தில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க அது கட்டாயம் வேண்டும். பிளாஸ்டிக் கவர் இந்த மருந்துகளை உறிஞ்சிவிடும் என்பதால் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வெயில் படாமல், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுப்பது நல்லது. சுத்தமான இடத்தில் முதலில் எடுத்துவிட்டுக் குழியருகே கடைசியில் வாருங்கள். நாங்கள் முதல்முறை ஒரே கரண்டியால் தலைகீழாக எடுத்துவிட்டு மறுபடியும் பணம் கட்டினோம்.

கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமா?

பரிசோதிக்கும்வரை வேண்டாம். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் ஆல்பா பி.எச்.சி. லிட்டருக்கு 0.01 மைக்ரோகிராம், பீட்டா 0.04, லிண்டேன் 2, டி.டி.டி. 1, எண்டோசல்பான் 0.4 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது. கொதிக்கவைத்தாலும் போகாது.

பி.எச்.சி. தண்ணீரில் அதிகம் கரைவதில்லை, மண்ணையே பிடித்துக்கொள்ளும். அதனால் குழி இருந்தாலே கிணறு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். எங்கள் கிணறு தப்பித்திருந்தது. ஆனாலும் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோழி, மாடு எல்லாம் அந்தப் பக்கம் மேஞ்சிருக்குதே?

பலர் கடைசியாகக் கேட்கும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குளோரின் மருந்துகள் கொழுப்பில் சேரும். நாட்டுக்கோழி நாள் முழுக்க மண்ணைச் சீய்த்து, மண்ணையும் புழுவையும் சேர்த்து விழுங்குகிறது. அது அப்படியே முட்டைக் கருவுக்குள் போகிறது. மாடு புல்லோடு மண்ணையும் தின்கிறது, அது பாலில் வருகிறது. வெண்ணெயும் நெய்யும் காய்ச்சும்போது கொழுப்போடு சேர்ந்து செறிகிறது. மனிதரிலும் இதே கதைதான். தாய்ப்பாலிலும் இறங்கும்.

குழிப்பக்கம் மேய்ந்த கோழியின் முட்டையை நிறுத்திவிடுங்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும். முட்டையை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். என் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்த நேரம் அது. "பத்தியத்துக்கு நாட்டுக்கோழி முட்டைதான்" என்று அம்மா தினமும் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். அந்த முட்டைக் கூடையைத் திருப்பி வாங்கிய நாளை என்னால் மறக்க முடியவில்லை.

லிண்டேனை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. டி.டி.டி.யை, அநேகமாக உண்டாக்கும் என்ற வரிசையில் வைத்தது. ஒருநாள் தொட்டதற்காகப் பதற வேண்டாம். தினமும் உணவில் சேர்வதை நிறுத்துவதுதான் அவசரம்.

அந்த நெலத்துல என்ன வெள்ளாமை வெக்கலாம்?

குழியும் அதைச் சுற்றிய மண்ணும் சுத்தமாகும்வரை எதுவும் வேண்டாம். கொஞ்சமாக எச்சம் உள்ள சுற்றுப்புறத்தில் பூசணி, சுரை, வெள்ளரி வகைகளைத் தவிருங்கள். பூசணிக் குடும்பத்துக்குக் குளோரின் மருந்தை மண்ணிலிருந்து இழுத்துக் காயில் சேர்க்கும் குணம் மற்ற பயிர்களைவிட அதிகம். மண்ணுக்குள்ளேயே விளையும் எண்ணெய் வித்தான நிலக்கடலையும், மஞ்சள், மரவள்ளி, முள்ளங்கி போன்ற கிழங்குகளும் ஆகாது. ஏற்றுமதிக்குப் போகும் மஞ்சளில் எச்சம் பார்க்கிறார்கள். ஈரோடு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது, அந்தப் பெயரையும் நினைக்க வேண்டும். பருத்தி, மலைவேம்பு, தேக்கு மாதிரி வாய்க்குப் போகாதவை தேவலை. பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைக்கக் கூடாது.

வெளிய சொன்னா தோட்டத்து வெலை போயிருமே? நம்ம மேலயே கேஸ் போட்டுட்டா?

எல்லோருடைய தொண்டையிலும் சிக்கியிருக்கும் கேள்வி. என் சித்தப்பா இதைச் சொல்லித்தான் "சத்தமில்லாம மூடிரு" என்றார். ஒரு வாரம் நானும் யோசித்தேன். மூடிவிட்டு விற்றால், வாங்குகிறவர் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவார். அந்த வீட்டிலும் ஒரு பச்சைப்பிள்ளை இருக்கும்.

சட்டம் இப்போது கொஞ்சம் துணைக்கு வருகிறது. மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வையும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும். அவர் இல்லாமல் போயிருந்தால் அல்லது அவரால் முடியாவிட்டால் அரசுகள் ஏற்பாடு செய்ய வழி இருக்கிறது. தானாக முன்வந்து சொன்னவருக்கும், மறைத்துப் பிடிபட்டவருக்கும் அதிகாரிகள் கண்ணில் உள்ள வித்தியாசத்தை நானே பார்த்தேன்.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும், விஏஓவுக்கும் கொடுங்கள். சர்வே எண், எந்த மூலை, எந்த ஆண்டு புதைத்தது, உத்தேசமாக எத்தனை மூட்டை, படங்கள், ஆய்வக முடிவு இருந்தால் அது. "பூச்சிமருந்து வாடை வருகிறது" என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. எங்கள் முதல் மனு அப்படித்தான் ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் தூங்கியது.

சுத்தம் பண்ணறதுன்னா என்னதான் செய்வாங்க?

முதலில் மூட்டையாகவும் கட்டியாகவும் உள்ள மருந்தைத் தனியே எடுப்பார்கள். பயிற்சி பெற்ற ஆட்கள், ஆவி தடுக்கும் கவசம், மூடிபோட்ட டிரம். அடுத்து அதைச் சுற்றிய மண். மூன்றாவது, சோதித்து முடிவு வந்தபின் சுத்தமான மண்ணால் நிரப்புவது.

இதில் செலவைத் தீர்மானிப்பது மண்ணின் அளவு. 10 அடி நீளம், 8 அடி அகலம், 6 அடி ஆழக் குழி என்றால் 480 கன அடி. நாம் மணல் வாங்கும் கணக்கில் கிட்டத்தட்ட 5 யூனிட், எடையில் 20 டன் வரும். எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பக்கமும் அடியிலும் ஒரு அடி கூடுதலாக வழித்தால் 12-க்கு 10-க்கு 7, அதாவது 840 கன அடி. ஒரு அடிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. ஜேசிபி வைத்து நாமே கிளறக் கூடாது என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான். கெட்ட மண் நல்ல மண்ணோடு கலந்தால் அத்தனையும் ஆபத்தான கழிவு.

எடுத்ததை எங்கே கொண்டுபோவது? தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் ஆபத்தான கழிவுக்கான பாதுகாப்புக் கிடங்கு இருக்கிறது. செறிவான மருந்தை அதிக வெப்ப உலையில் எரிக்கலாம். மண்ணை மூடிய கலனில் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கி, மருந்தை ஆவியாக்கிப் பிடிக்கும் முறையும் உண்டு. கொடைக்கானலில் 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மண்ணுக்குக் கழுவலும் வெப்பமும் சேர்ந்த முறையைத்தான் தேர்ந்தார்கள். அங்கே ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்றபோது, காட்டுக்கும் நீர்வழிக்கும் அது போதாது என்று மக்கள் எதிர்த்தார்கள். "சுத்தம்" என்பது எந்த அளவு என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதம் பார்ப்பதும் முக்கியம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை ஊரெல்லாம் கொண்டுபோகும். ஐப்பசி கார்த்திகையில் மழை கரைத்துக்கொண்டு போகும். மாசி பங்குனிதான் தோதான காலம்.

அவசரப்படுவதாலும் நடக்காது. போபாலில் 1984 விஷவாயுக் கசிவுக்குப் பின் ஆலைக்குள் கிடந்த கழிவில் 337 டன் பிதாம்பூர் எரிஉலைக்குப் போய்ச் சேர்ந்ததே 2025 ஜனவரியில்தான். ஸ்பெயினில் சபினானிகோ ஊரில் லிண்டேன் ஆலை மூடிப் பல பத்தாண்டு ஆகியும் பாறை விரிசலிலிருந்து கசிவை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்முடையது தோட்டத்து மூலைக் குழி. இப்போதே சொன்னால் சின்ன வேலையாகவே முடியும்.

பஞ்சகவ்யமும் நுண்ணுயிர்க் கரைசலும் ஊத்தினா சரியாகாதுங்களா?

குழிக்கு ஆகாது. பி.எச்.சி.யைத் தின்னும் பாக்டீரியா உண்மையிலேயே இருக்கிறது. ஸ்பிங்கோபியம் இண்டிகம் என்ற அதன் ஒரு வகையை நம் நாட்டு மண்ணிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். லேசாக எச்சம் உள்ள வயல் மண்ணில், ஈரமும் தொழுவுரமும் காற்றும் சரியாகக் கொடுத்து, அடிக்கடி சோதித்துக்கொண்டே செய்தால் அதற்குப் பலன் உண்டு. கட்டியாகக் கிடக்கும் மருந்துக்குள் அது பிழைக்காது. "ஒரே மாதத்தில் விஷம் போகும்" என்று கேனில் விற்பவரிடம் முன்னும் பின்னும் எடுத்த ஆய்வக முடிவைக் கேளுங்கள்.

வீட்டுப் பரண்ல பழைய மருந்து டப்பா கெடக்குதுங்க.

புதைக்காதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். கசிந்தால் டப்பாவோடு சேர்த்து ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் வைத்து மூடி, பெயர் எழுதி, பூட்டிய இடத்தில் வைத்து வேளாண்மை அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

உங்க குழி இப்ப எப்படி இருக்குதுங்க்கா?

மனு கொடுத்துப் பதினோரு மாதத்தில் மூட்டைகள் டிரம்மில் ஏறிப் போய்விட்டன. சுற்றிய மண்ணுக்கு இரண்டாவது ஆய்வு முடிந்திருக்கிறது, அடுத்த மாசிக்கு அள்ளுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை தடித்த ஷீட் போட்டு மூடி, மேலே ஒரு அடி களிமண் கொட்டி இறுக்கியிருக்கிறோம். நடுவில் முளைத்த வேலிக்கருவானை மாதம் ஒருமுறை நானே போய்ப் பிடுங்குகிறேன், வேர் ஷீட்டைத் துளைத்துவிடும். கோழிக்குச் சாளையின் மறுபக்கம் புதிதாகக் கூண்டு அடித்துக் கொடுத்துவிட்டார் அப்பா.